மாலைப் பாலை நிறுத்தாதீர்கள்: எங்கள் ஊர்ப் பால் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயலர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

சங்கச் சுவரில் போன வாரம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். வரும் ஒன்றாம் தேதி முதல் மாலையில் பால் எடுக்கப்படாது என்கிறது. காலையிலும் மூன்று லிட்டருக்குக் குறைவாகக் கொண்டுவருபவர்களின் பால் ஏற்கப்படாது என்கிறது. மாலைக் கறவையை “வீட்டிலேயே பத்திரப்படுத்தி மறுநாள் காலைப் பாலுடன் சேர்த்துக் கொண்டுவரலாம்” என்றும் ஒரு வரி இருக்கிறது. கீழே கையெழுத்து, முத்திரை. உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவை கூடியதாகவோ, எங்களை ஒரு வார்த்தை கேட்டதாகவோ எதுவும் இல்லை.

நானும் இந்தச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர்தான். முதலில் மாமியார் பெயரில் இருந்தது, அவருக்கு முட்டி வலி வந்து நடக்க முடியாமல் போனபிறகு என் பெயருக்கு மாறியது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே மழையை நம்பிக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது நான்கு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), கொஞ்சம் தண்ணீர் ஊறும் ஒரு கிணறு, இரண்டு கறவை மாடுகள், ஒரு எருமை. இதை எழுதும்போது வீட்டுக்காரர், “எதுக்கு வம்பு, நேரில போய்ச் சொன்னாப் போதாதா?” என்றார். நேரில் சொன்னோம். நாங்கள் நான்கைந்து பெண்கள் சேர்ந்து வந்தபோது, “முடிவு எடுத்தாச்சு, இனி பேச ஒண்ணுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அந்தப் “பத்திரப்படுத்தி” என்ற வரியிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குக் கோபம் வந்ததே அதைப் படித்துத்தான். எழுதியவர் பால் கறந்து பார்த்தவராக இருக்க முடியாது.

மடியிலிருந்து வரும் பாலுக்கு மாட்டின் உடம்புச் சூடு இருக்கும். அதைச் சீக்கிரமாக நான்கு டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் கெடாமல் நிற்கும். அதற்காகத்தான் பக்கத்து ஊரில் குளிரூட்டும் தொட்டி வைத்து, கேன்களை அவசர அவசரமாக வண்டியில் ஏற்றி அனுப்புகிறீர்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்கு, வெளியே வைத்த பால் சில மணி நேரத்திலேயே புளிப்பு தட்டிவிடும். மாலை மூன்றரை மணிக்குக் கறந்ததை விடிகாலை ஆறு மணி வரை நாங்கள் எதில் வைப்பது? சங்கத்தில் பால் ஊற்றும் வீடுகளில் பாதியில் ஃபிரிட்ஜ் கிடையாது. இருக்கிற வீட்டிலும் அது குழம்பும் மாவும் வைக்கிற சின்னப் பெட்டி. நாலு லிட்டர் சூடான பாலைத் தூக்குப்போசியோடு உள்ளே வைத்தால் அது குளிர்வதற்குள் நடுராத்திரி ஆகிவிடும், அதற்குள் கரண்ட் வேறு இரண்டு தடவை போய் வந்திருக்கும். அப்படி வைத்த பாலைக் காலையில் கொண்டுவந்தால் உங்கள் பரிசோதகரே முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அனுப்பத்தான் வேண்டும். ஒருத்தர் ஊற்றும் பழைய பால் கேன் முழுவதையும் திரிய வைத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சங்கம்தான்.

சரி, மாலையில் கறக்காமல் விட்டுவிடலாம் என்றால் அதற்கு மாடு சம்மதிக்காது. கன்று போட்டு இரண்டு மாதம் ஆன கலப்பின மாட்டுக்கு ஒரு வேளை கறவையைத் தள்ளினால் மடி கல்லாக இறுகிவிடும். காம்பில் கை வைக்க விடாது, உதைக்கும். மடியில் பால் தேங்க விட்டால் சுரப்பு தானாகவே குறைந்துகொண்டே போகும். மடி நோய் வேறு வரும். வந்துவிட்டால் மருத்துவருக்குப் பணம், ஊசிக்குப் பணம், ஊசி போட்ட பிறகு அவர் சொல்கிற நாள்வரை அந்தப் பாலை யாருக்கும் ஊற்றவும் கூடாது. சில சமயம் ஒரு காம்பு செத்தே போகும். மூன்று காம்பு மாட்டைச் சந்தையில் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்கள் பதிவேட்டிலேயே கிடைக்கும். எங்கள் வீட்டுப் பால் அட்டையை எடுத்துப் பாருங்கள்: காலைப் பால் அளவில் அதிகம், கொழுப்பில் குறைவு. மாலைப் பால் அளவில் குறைவு, கொழுப்பில் அதிகம். பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இப்படித்தான். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவே பத்துப் பதினொரு மணி நேரம், ராத்திரி இடைவெளி பதின்மூன்று மணி நேரம். இடைவெளி குறையக் குறையப் பாலில் கொழுப்பின் அளவு கூடும். விலை போடுவது கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான். ஆக, சங்கம் வேண்டாம் என்று தள்ளுவது தன்னிடம் வருவதிலேயே கெட்டியான பாலை. பால் தண்ணியாக இருக்கிறது என்று எங்களைத் திட்டுவதும் இதே சங்கம்தான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்காமல் இல்லை. மாலையில் நாற்பது, ஐம்பது லிட்டர்தான் சேருகிறது, அதற்காகக் குட்டியானை வண்டி ஏழு கிலோமீட்டர் போய்வர டீசல், ஓட்டுநர் கூலி கட்டுப்படியாகவில்லை, பரிசோதகருக்கும் இரண்டு வேளைச் சம்பளம் என்று செயலர் சொன்னார். கணக்கு அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாலைப் பால் ஏன் நாற்பது லிட்டராகச் சுருங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

முன்பெல்லாம் மாலையில் ஐந்தரை வரைக்கும் பால் எடுத்தார்கள். வண்டி வேறு ஊருக்கும் போக வேண்டும் என்று அதை ஐந்தாக்கினீர்கள், பிறகு நாலரை, போன தை மாதத்திலிருந்து நான்கு மணி. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் வீடு வந்து சேருவதே அந்த நேரத்துக்குத்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்களின் வேன் அதற்கும் பிறகுதான் ஊருக்குள் வருகிறது. கறப்பதற்கு ஆள் வீட்டில் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருந்துவிட்டு, ஆள் வந்ததும் சாத்திவிட்டால் பால் எப்படிச் சேரும்? ஐந்து மணிக்குப் போசியோடு ஓடிவந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கட்டடத்துக்கு எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள். அவர்கள்தான் ஒவ்வொருவராகத் தனியார் வண்டிக்குப் போனார்கள். வாடிக்கையை நாமே விரட்டிவிட்டு இப்போது வாடிக்கை இல்லை என்று கடையை மூடுகிறோம்.

போன கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது: “ஒரு மாடு, ரெண்டு மாடு வெச்சிருக்கறதெல்லாம் பண்ணையமா? காலம் மாறிப்போச்சு. பேங்கில கடன் வாங்கி இருபது மாடு கட்டுங்க, இல்லாட்டி விட்டுருங்க.” அவர் பெயரை நான் எழுதவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகவும் நினைக்கவில்லை. அவர் நல்ல உழைப்பாளி, அவர் தோட்டத்தில் இருபதுக்கு மேல் மாடுகள் நிற்கின்றன, கறவை இயந்திரமும் போட்டிருக்கிறார். அவர் பால் இல்லாவிட்டால் சங்கத்துக்கும் கஷ்டம்தான். ஆனால் “பண்ணையமா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

எங்கள் வீட்டில் விடிகாலை நான்கரைக்கு விளக்கு எரியும். கட்டுத்தறி கூட்டுவது வீட்டுக்காரர், கறப்பது நான், சாணம் அள்ளுவது இருவரில் கை ஒழிந்தவர். மகள் கல்லூரிக்குப் போகுமுன் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டுவாள். மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே புண்ணாக்கு ஊறப்போடுவார், தவிட்டில் உப்பு சரியா என்று பார்ப்பார், எந்த மாடு இன்று சரியாக அசை போடவில்லை என்று எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். மாடு சினைப் பருவத்துக்கு வந்ததை அவர் கண்டுபிடிக்கத் தவறியதே இல்லை. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், சும்மா நிற்கிற மாட்டுக்குத் தீனி போட வேண்டும். சம்பளத்துக்கு வைத்த ஆளால் இதைப் பார்க்க முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷிக்கு இதுதான் வேலை, இதுதான் மரியாதை. அவர் பேச்சைக் கேட்டுத்தான் இன்றைக்கும் வீடு நடக்கிறது.

சில பழக்கங்களை அவர் விடமாட்டார், எங்களையும் விடவிடமாட்டார். கன்று ஊட்டிய பிறகுதான் கறவை. ஒரு காம்புப் பால் கன்றுக்கென்று விட்டுவிட வேண்டும். காளைக் கன்றுதானே என்று அதைப் பட்டினி போடக் கூடாது. பால் இறங்குவதற்கு ஊசி போடும் வழக்கம் ஊருக்குள் தலைகாட்டியபோது, அந்த மருந்து விற்க வந்தவனைத் திண்ணையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மாடு ஈன்றால் சீம்பாலை விற்பதில்லை. சுற்றியிருக்கிற நாலு வீட்டுக்குக் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்து அனுப்புவோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மோர் கொடுக்காமல் அனுப்புவதும் இல்லை, அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. மடிக்கு மருந்து வைத்த நாட்களில் கறந்த பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றுகிறோம். யாரும் பார்ப்பதில்லை, உங்கள் இயந்திரத்திலும் அது தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பாலை ஏதோ ஒரு வீட்டில் குழந்தை குடிக்கும் என்று அவர் சொன்ன பிறகு போசியில் ஊற்றக் கை வராது.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊரில் சின்னதாக மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. தண்ணீர் கலக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பால்மானியில் டிகிரி குறைந்த பாலைப் பிடியுங்கள், திருப்பி அனுப்புங்கள், அபராதம்கூடப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கலப்படத்தைப் பிடிப்பது வேறு, ஒரு மாட்டுக்காரர் என்பதற்காகவே வாசலில் நிறுத்துவது வேறு.

இருபது மாடு கட்டுங்கள் என்பதற்கும் வருகிறேன். எங்கள் நான்கு ஏக்கரில் மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் நிற்கும், கிளுவை வேலி தழைக்கும், வெள்வேல மரத்துக் காய் உதிரும். சோளத் தட்டு அறுத்துப் போர் போட்டால் கோடைக்கு ஆகும். இரண்டு மாடு, ஒரு எருமைக்கு இந்த நிலம் ஈடு கொடுக்கும். மூன்றாவது மாடு வாங்கிய வருஷம் தட்டு விலைக்கு வாங்க வேண்டி வந்தது, அந்த மாட்டை விற்றோம். கலப்புத் தீவனத்தையும் விலைக்கு வாங்கும் தட்டையும் நம்பி இருபது மாடு கட்டினால் நாங்கள் மாட்டுக்காக உழைக்க மாட்டோம், வட்டிக்காக உழைப்போம். 2022-ல் தோல் கழலை நோய் நாடு முழுக்கப் பரவியபோது கடன் வாங்கி மாடு கட்டியவர்கள் தூக்கம் இல்லாமல் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கையில் இருப்பதற்குள் வாழ்வது, கடனைக் கண்டு பயப்படுவது, இதெல்லாம் பழைய காலத்து ஆட்களின் குணம் என்றால் சரி, நாங்கள் பழைய காலத்து ஆட்கள்தான். அதற்காகச் சங்கத்தின் கதவை எங்களுக்குச் சாத்த முடியாது.

மாலைப் பால் எங்கள் வீட்டில் என்ன செய்கிறது என்பதையும் ரூபாயிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அரசு பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆக்கியது. 2023 டிசம்பரில் மேலும் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. கொழுப்பைப் பொறுத்து எங்கள் கைக்கு வருவது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மாலையில் நாலு லிட்டர் என்றால் நாளைக்கு நூற்று முப்பது ரூபாய்க்கு மேல், மாதத்துக்கு நாலாயிரத்தை ஒட்டி வரும். காலைப் பால் பணம் தீவனத்துக்கும் மருத்துவருக்கும் சரியாகப் போய்விடும். வீட்டுக்கு மிஞ்சுவது மாலைப் பணம்தான். மகளுடைய பஸ் பாஸ், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மாத்திரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை என் கணக்கில் விழும் அந்தப் பணத்துக்கு நான் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. தோட்டத்து வருமானம் வீட்டுக்காரர் கையில், பால் பணம் பெண்கள் கையில் என்பது இந்த ஊரில் எழுதாத ஒப்பந்தம். உங்கள் அறிவிப்பு கை வைப்பது அந்தக் காசில்தான். குழுவில் பெண் உறுப்பினர்களும் பெயருக்கு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டீர்களா?

எருமை வைத்திருக்கும் விதவைகள் இருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எருமை ஒரு வேளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர்தான் கறக்கும், அது அதன் இயல்பு. மூன்று லிட்டர் என்று கோடு போட்டால் ஊரிலேயே கொழுப்பு அதிகமான அந்தப் பால் காலையிலும் வெளியே போய்விடும். மாடு வற்றும் காலத்திலும் இதே கதைதான். ஏழாவது மாதச் சினையில் எந்த மாடு மூன்று லிட்டர் கறக்கும்? அந்த இரண்டு மூன்று மாதம் தனியாருக்கு ஊற்றிவிட்டு, கன்று போட்டபின் மறுபடி சங்கத்துக்கு வா என்றால் எந்த முகத்தோடு வருவது?

தனியார் வண்டிக்காரர்கள் இப்போதே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். மாடு வாங்க முன்பணம் தருகிறார்கள், அளவையும் டிகிரியையும் அவர்களே பார்த்து அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பால் தட்டுப்பாடான கோடையில் சங்கத்தை விட ஒரு ரூபாய் கூடக் கொடுப்பார்கள். மழைக்குப் பிறகு புல் தழைத்துப் பால் பெருகும்போது விலையைக் குறைப்பார்கள், “இன்னிக்குப் பால் வேண்டாம்” என்றும் சொல்வார்கள். முன்பணம் வாங்கியவர்களால் வாயைத் திறக்க முடியாது. சங்கம் வருவதற்கு முன் இந்த ஊரில் நிலைமை எப்படி இருந்தது என்று என் மாமியாரைக் கேட்டால் சொல்வார். படியால் அளந்து, நுரையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, பொங்கலுக்குத்தான் கணக்கு முடிப்பார்களாம்.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதில்லை. நவம்பர் 26 அன்று தேசியப் பால் தினம் என்று சங்க வாசலில், வெண்மைப் புரட்சியின் தந்தை எனப்படும் வர்கீஸ் குரியன் அவர்களின் படத்துக்கு மாலை போட்டீர்கள், எங்களுக்கு மிட்டாயும் கொடுத்தீர்கள். அவர் 1949-ல் குஜராத்தின் ஆனந்த் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, அங்கே கேடா மாவட்டத்து விவசாயிகள் பால் வாங்கும் ஒற்றைக் கம்பெனி சொன்ன விலைக்கு விற்க மறுத்து நின்றார்கள். 1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் அவர்களுடைய சங்கம் பதிவானது. அங்கே வளர்ந்த முறையில் ஊருக்கு ஒரு சங்கம், காலையும் மாலையும் கொள்முதல், உறுப்பினர் கொண்டுவருவது ஒரு லிட்டரானாலும் அளந்து, சோதித்து, அதற்கான காசு. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த முறையைத்தான் நாடு முழுக்கக் கொண்டுபோனது. இருபது மாட்டுப் பண்ணைகளை நம்பி இந்த நாடு பாலில் உலகத்தில் முதலிடத்துக்கு வரவில்லை. ஒன்றும் இரண்டுமாகக் கட்டியிருந்த வீடுகளை நம்பி வந்தது. மாலை போட்ட படத்தில் இருப்பவரின் வேலையே அதுதான், அவருக்குப் போட்ட மாலை காய்வதற்குள் அவர் முறையை எடுத்துவிடலாமா?

எங்கள் ஊரில் பட்டிப் பொங்கலுக்குச் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டி, மழை வேண்டும் என்று கேட்கிறோம். அதற்குக் குழுவில் இருக்கும் எல்லோரும் வருகிறீர்கள், உங்கள் வீட்டு மாடும் எங்கள் வீட்டு மாடும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. அதனால் சண்டைக்கு நிற்காமல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவதாக, அந்த அறிவிப்பை ஒன்றாம் தேதிக்கு முன்பே திரும்பப் பெறுங்கள், குறைந்தபட்சம் நிறுத்தி வையுங்கள். ஒன்றாம் தேதி மாலை எங்கள் மாடுகளுக்கு அறிவிப்பு தெரியாது, அவை மூன்றரை மணிக்குச் சுரக்கத்தான் செய்யும்.

மாலைக் கொள்முதலையும் குறைந்தபட்ச அளவையும் மாற்ற வேண்டுமென்றால் பேரவையைக் கூட்டுங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதுதான் கூட்டுறவின் அடிப்படை. இருபது மாட்டுக்காரருக்கும் ஒரு எருமை வைத்திருக்கும் விதவைக்கும் ஒரே ஓட்டுதான். கூட்டத்தைக் காலை கறவை நேரத்திலும், பனியன் கம்பெனி வேன் வருவதற்கு முன்பும் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். வண்டிச் செலவு, பரிசோதகர் சம்பளம், வேளைவாரியாக வந்த பால் அளவு, கொழுப்பு எல்லாவற்றையும் கடந்த இரண்டு வருஷத்துக்கு எடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டுங்கள். அறிவிப்பு ஒட்டிய அதே இடத்தில் ஒட்டினால் போதும்.

மாலைக் கொள்முதல் நேரத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் ஐந்தே கால் வரை நீட்டிப் பாருங்கள். தனியாருக்குப் போனவர்களை வீடு வீடாகப் போய் அழைத்துவர நாங்கள் பெண்கள் சிலர் தயாராக இருக்கிறோம். அந்த மூன்று மாதத்தில் அளவு கூடவில்லை என்றால் பேரவையில் அதையும் பேசலாம். வண்டிச் செலவுக்கு வழி இருக்கிறது. அடுத்த ஊர்ச் சங்கத்துக்கும் மாலையில் ஒரு வண்டி போகிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி ஓட்டலாம். அதுவும் போதாவிட்டால் மாலைப் பாலுக்கு லிட்டருக்கு ஐம்பது பைசா பிடித்தம் செய்துகொள்ளுங்கள், நான் பேசிப் பார்த்த யாரும் மறுக்கவில்லை. நம் சங்கத்திலேயே சிறிய குளிரூட்டும் தொட்டி ஒன்று வைக்க மாவட்டப் பால் ஒன்றியத்தில் விண்ணப்பம் கொடுக்க முடியுமா என்று செயலர் விசாரித்து, கிடைத்த பதிலை எழுத்தில் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று லிட்டர் என்ற அளவுகோலை முழுவதுமாக நீக்குங்கள். எருமைக்கும் வற்றுகிற மாட்டுக்கும் விலக்கு என்று அரைகுறையாக எழுத வேண்டாம், அப்புறம் எது எருமைப் பால், எது வற்றுகிற மாடு என்று வாசலில் தினமும் வாக்குவாதம்தான் நடக்கும். பால் சுத்தமா, சத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வேளையும் அளவு, கொழுப்பு, இதர சத்து, விலை ஆகியவை அச்சிட்ட சீட்டை ஊற்றியவர் கையில் கொடுங்கள். இயந்திரம் இருக்கிறது, காகிதச் சுருள் தீர்ந்துபோனதால்தான் சில மாதங்களாக அது வருவதில்லை.

இந்த மடலின் நகலில் எங்கள் தெருவிலும் மேற்கு வளவிலும் பால் ஊற்றும் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைக் கறவை முடிந்ததும் சங்கத்துக்குக் கொண்டுவருகிறோம். செயலர் அதைப் பெற்றுக்கொண்டு, பெற்ற தேதியோடு ஒப்புகை எழுதித் தர வேண்டும். நாங்கள் வரும்போது கதவு திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாலையிலும் பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவர்